வேட்டைக்காரரின் அனுமதிப்பத்திரம்: கிறைஸ்ட்சேர்ச் படுகொலைக்குப் பின் நியூசிலாந்து கண்ட மாற்றம்

2019ஆம் ஆண்டு மார்ச் மாதம் 15ஆம் திகதி வெள்ளிக்கிழமை, நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரில் ஜும்ஆத் தொழுகைக்காகக் கூடியிருந்த முஸ்லிம்கள் மீது அல் நூர் பள்ளிவாசலிலும் லின்வூட் இஸ்லாமிய நிலையத்திலும் நடத்தப்பட்ட துப்பாக்கிச் சூட்டில் 51 பேர் கொல்லப்பட்டனர். சின்னஞ்சிறுவர் முதல் முதியோர் வரை அதில் அடங்குவர். ஐந்து வாரங்களின் பின்னர் உயிர்த்த ஞாயிறன்று எமது நாட்டிலேயே தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. அதன் பின்னர் கிறைஸ்ட்சேர்ச்சில் என்ன நடந்தது என்பதைத் தொடர்ந்து நோக்க எமது பத்திரிகைகளுக்கு இடமிருக்கவில்லை. எமது வாசகர்களுக்கும் மனமிருக்கவில்லை.

சம்பவம் நடந்து 26 நாட்களில் நியூசிலாந்துப் பாராளுமன்றம் துப்பாக்கிச் சட்டத்தைத் திருத்தியது என்பது பலரும் அறிந்த செய்தி. அச்சட்டம் நிறைவேறிய வேளையிலும் அதற்குப் பின்னரான ஆண்டுகளிலும் அதிகம் விவாதிக்கப்பட்டவர்கள் கொலையாளியோ அவனது கொள்கையைப் பின்பற்றுவோரோ அல்லர், அந்நாட்டின் வேட்டைக்காரர்களே என்பது பலரும் அறியாதது. காரணம் எளியது. கொலையாளி கள்ளச் சந்தையில் ஆயுதம் வாங்கியவன் அல்லன். மான் வேட்டைக்கும் முயல் வேட்டைக்கும் செல்லும் ஒரு சாதாரண நியூசிலாந்துக்காரர் எந்த அனுமதிப்பத்திரத்தைத் தமது சட்டைப் பையில் வைத்திருக்கின்றாரோ, அதே வகை அனுமதிப்பத்திரத்தையே அவனும் வைத்திருந்தான்.

இவ்விடத்தில் எமது வாசகர்கள் வேட்டை பற்றி எம் மனதிலுள்ள படத்தைச் சற்று ஒதுக்கி வைத்தல் வேண்டும். இலங்கையில் வேட்டை என்றதும் இரு காட்சிகளே நினைவுக்கு வரும். ஒன்று, ஆங்கிலேயர் காலத்துத் துரைமார் யானைகளைக் கணக்கின்றிச் சுட்டு வீழ்த்திய பழங்கதை. மற்றையது, இடியன் துவக்கோடும் கட்டுத் துவக்கோடும் இரவில் காட்டுக்குள் நடைபெறும் சட்டவிரோத வேட்டை. 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்குகள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் வழிவந்த எமக்கு, வேட்டை என்பது அரசாங்கம் தடுக்கும் ஒரு செயல். நியூசிலாந்தில் நிலைமை தலைகீழானது. அங்கு அரசாங்கமே மக்களை வேட்டைக்கு வருமாறு அழைக்கின்றது.

அந்தத் தீவுகளில் வௌவாலைத் தவிர வேறெந்தத் தரைப் பாலூட்டியும் இயற்கையாக இருந்ததில்லை. மாவோரி மக்களோடு நாயும் எலியும் வந்தன. ஏனையவை அனைத்தும் ஐரோப்பியர் கொண்டுவந்தவை. இங்கிலாந்தில் மான் வேட்டை நிலப்பிரபுக்களின் தனியுரிமையாக இருந்தது. புதிய நாட்டிலாவது அது எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று குடியேறியோர் எண்ணினர். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து செம்மான்கள் கப்பலேறி வந்தன. 1904இல் இமயமலையின் தார் ஆடு வந்தது. இது நீலகிரி வரையாட்டை ஒத்த தோற்றமுடையது. 1905இல் அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் வாப்பிட்டி எனும் பெருமானை அனுப்பிவைத்தார். 1907இல் ஒஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் ஜோசப் அல்ப்ஸ் மலையின் சாமோயி ஆடுகளை அன்பளிப்புச் செய்தார்.

அரசர்களின் அன்பளிப்பு அரை நூற்றாண்டுக்குள் சாபமாயிற்று. வேட்டையாடி உண்ணும் விலங்கு ஒன்றுகூட இல்லாத காடுகளில் மான்கள் பெருகி இளஞ்செடிகளைத் தின்று தீர்த்தன. மலைச் சரிவுகள் மண்ணரிப்புக்குள்ளாயின. 1930இல் மான்களுக்கு இருந்த சட்டப் பாதுகாப்பு முற்றாக நீக்கப்பட்டது. மறு ஆண்டிலிருந்து அரசாங்கமே சம்பளம் கொடுத்து மான் கொல்வோரைக் காடுகளுக்கு அனுப்பியது. 1960களில் ஹெலிகொப்டரிலிருந்து சுட்டு இறைச்சியை ஏற்றுமதி செய்யும் தொழிலும் தோன்றிற்று. இன்றும் அந்நாட்டின் பாதுகாப்புத் திணைக்களம், அதாவது காடுகளுக்கும் தேசியப் பூங்காக்களுக்கும் பொறுப்பான திணைக்களம், பொதுக் காணிகளில் வேட்டையாடுவதற்கான அனுமதியைக் கட்டணமின்றி வழங்குகின்றது. காட்டைக் காக்கும் அரசுக்கு வேட்டைக்காரர் ஒரு கையாள் போன்றவர் எனலாம். அவரை அச்சுறுத்தி விரட்டினால் அந்த வேலையை அரசே பணம் செலவழித்துச் செய்ய வேண்டிவரும்.

துப்பாக்கிச் சட்டம் அங்கு நீண்ட காலமாகத் தளர்வாக இருந்ததற்கு இந்தப் பின்னணியும் ஒரு காரணம். 1920 தொடக்கம் துப்பாக்கிகளுக்குப் பதிவேடு இருந்தது. காகித அட்டைகளில் பேணப்பட்ட அப்பதிவேடு காலப்போக்கில் பிழைகள் மலிந்ததாயிற்று. 1983ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் பதிவேட்டைக் கைவிட்டு, துப்பாக்கியை அல்ல, அதை வைத்திருப்பவரையே பரிசீலிப்பது என்ற கொள்கையைக் கொண்டுவந்தது. ஆள் நல்லவராயின் அவரிடம் எத்தனை துப்பாக்கி இருந்தாலென்ன என்பது அதன் உட்பொருள். நியாயமாகவே தோன்றும் கொள்கைதான். ஆனால் ஆளைப் பரிசீலிக்கும் வேலை ஒழுங்காக நடக்கும்வரை மட்டுமே அது நியாயமானது.

1990 நவம்பரில் அரமோவானா என்ற கடற்கரைக் கிராமத்தில் ஒருவன் 13 பேரைச் சுட்டுக் கொன்றான். அதன் விளைவாக 1992இல் இராணுவப் பாணியிலான அரைத் தானியங்கித் துப்பாக்கிகளுக்கென விசேட அங்கீகாரம் ஒன்று ஏற்படுத்தப்பட்டது. 1996இல் அவுஸ்திரேலியாவின் போர்ட் ஆதரில் 35 பேர் கொல்லப்பட்டபோது அந்நாடு இவ்வகைத் துப்பாக்கிகளைப் பெரும்பாலும் தடைசெய்து, இலட்சக்கணக்கானவற்றை விலைகொடுத்து மீளப் பெற்றது. அதற்கு அடுத்த ஆண்டு நியூசிலாந்தில் ஓய்வுபெற்ற நீதிபதி தோமஸ் தோர்ப் தயாரித்த அறிக்கை, தமது நாடும் அதே வழியில் சென்று பதிவேட்டையும் மீண்டும் கொண்டுவர வேண்டுமெனப் பரிந்துரைத்தது. அப்பரிந்துரைகளின் முக்கிய பகுதிகள் இருபத்திரண்டு ஆண்டுகள் கிடப்பில் கிடந்தன. துப்பாக்கி உரிமையாளர்களின் எதிர்ப்பைச் சம்பாதிக்க எந்த அரசாங்கமும் விரும்பவில்லை.

இனி அந்த ஓட்டை எங்கிருந்தது என்பதைப் பார்ப்போம். அரைத் தானியங்கித் துப்பாக்கி என்பது விசையை அழுத்துந்தோறும் ஒரு ரவை வெளியேறி, அடுத்த ரவை தானாகவே ஏறிக்கொள்ளும் துப்பாக்கியாகும். பெரிய ரக அரைத் தானியங்கி ரைபிளில் ஏழு ரவைகள் கொள்ளும் ரவைக்கூடு பொருத்தப்பட்டிருந்தால், அது சாதாரண வேட்டைத் துப்பாக்கி. சாதாரண அனுமதிப்பத்திரமே போதும். அதே துப்பாக்கியில் முப்பது ரவைகள் கொள்ளும் கூட்டைப் பொருத்தினால், அது இராணுவப் பாணித் துப்பாக்கி; விசேட அங்கீகாரம் வேண்டும். ஆனால் அந்த முப்பது ரவைக் கூட்டைத் தனியாக வாங்குவதற்கு எந்த அனுமதியும் தேவைப்படவில்லை. கடையில் காசு கொடுத்து வாங்கலாம். வீட்டில் சில விநாடிகளில் பொருத்தலாம். வேட்டைக்காரரின் வசதிக்காக வரையப்பட்ட எல்லைக்கோடு, கழற்றிப் பூட்டக்கூடிய ஒரு பெட்டியில் தங்கியிருந்தது.

அவுஸ்திரேலியப் பிரஜையான அக்கொலையாளிக்கு 2017 நவம்பரில் சாதாரண அனுமதிப்பத்திரம் கிடைத்தது. விண்ணப்பதாரியை நன்கறிந்த நெருங்கிய உறவினர் ஒருவரைப் பொலிஸார் நேர்காண வேண்டுமென்பதே வழமை. இவன் விடயத்தில் அவ்வாறு நடைபெறவில்லை. கணினி விளையாட்டின் ஊடாகப் பழக்கமான ஒரு நண்பரும் அந்த நண்பரின் பெற்றோர் ஒருவரும் அளித்த சான்றே போதுமானதாகக் கொள்ளப்பட்டது. 2020 டிசம்பரில் வெளியான அரச விசாரணை ஆணைக்குழுவின் அறிக்கை, அனுமதிப்பத்திர முறைமையை நிர்வகிப்பதில் பொலிஸார் உரிய தரத்தைப் பேணவில்லை எனத் தெளிவாகவே குறிப்பிட்டது. சட்டத்தில் ஓட்டை இருந்தது உண்மை. இருந்த சட்டமும் சரியாகக் கையாளப்படவில்லை என்பதும் உண்மை. வேட்டைக்காரர்கள் இன்றுவரை சுட்டிக்காட்டுவது இந்த இரண்டாவது உண்மையையே. அதை எவரும் மறுக்க முடியாது.

தாக்குதல் நடந்த வாரம் வேட்டைக்காரர்களுக்கும் முக்கியமானதாக இருந்தது. மார்ச் பிற்பகுதியிலும் ஏப்ரலிலும் ஆண் செம்மான்கள் துணை தேடி உறுமும் காலம் வருகின்றது. மறைந்து வாழும் மான் தன் குரலால் தன்னைக் காட்டிக்கொடுக்கும் இக்காலமே ஆண்டின் உச்ச வேட்டைப் பருவம். அதற்கான ஆயத்தங்கள் நடந்துகொண்டிருந்தபோதுதான் பிரதமர் ஜசிந்தா ஆர்டெர்ன் மார்ச் 21ஆம் திகதி தடையை அறிவித்தார். சட்டமூலம் ஏப்ரல் 10ஆம் திகதி 119 வாக்குகளால் நிறைவேறியது. எதிராக விழுந்தது ஒரேயொரு வாக்கு. அரசாங்கத் தரப்பும் பிரதான எதிர்க்கட்சியும் ஒரே பக்கத்தில் நின்றமை, எமது பாராளுமன்ற நடைமுறைகளைப் பார்த்துப் பழகியவர்களுக்குச் சற்று வியப்பளிக்கலாம்.

எது தடுக்கப்பட்டது, எது தடுக்கப்படவில்லை என்பதே இங்கு கவனிக்கத்தக்கது. பெரிய ரக அரைத் தானியங்கி ரைபிள்கள் அனைத்தும் தடுக்கப்பட்டன. அதிக ரவை கொள்ளும் கூடுகளும் துப்பாக்கியை மாற்றியமைக்கும் பாகங்களும் தடுக்கப்பட்டன. ஆனால் ஒவ்வொரு சூட்டுக்கும் கையால் பூட்டை இழுத்துத் தள்ளி ரவையேற்றும் ரைபிள் தொடப்படவில்லை. மான் வேட்டைக்காரரில் மிகப் பெரும்பாலானோர் பயன்படுத்துவது அதனையே. முயல் சுடப் பயன்படும் புள்ளி 22 ரகச் சிறு அரைத் தானியங்கி, பத்து ரவை வரையான கூட்டுடன் அனுமதிக்கப்பட்டது. மே மாதத்தில் வாத்து வேட்டைப் பருவம் தொடங்கவிருந்ததால், கழற்ற முடியாத குழாயில் ஐந்து ரவைகள் வரை கொள்ளும் அரைத் தானியங்கி சொட்கன்களும் அனுமதிக்கப்பட்டன. சட்டத்தை வரைந்தவர்கள் வேட்டைக்காரரின் நாட்காட்டியை மேசையில் வைத்துக்கொண்டே வரைந்தனர் போலும்.

வேட்டையின் இயல்பை அறிந்தோருக்கு இந்த எல்லைக்கோட்டின் தர்க்கம் எளிதில் விளங்கும். மலைச் சரிவில் இரண்டு மணி நேரம் ஊர்ந்து சென்று மானை நெருங்கும் ஒருவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு சூடு மட்டுமே. முதற் சூடு தவறினால் மான் ஓடி மறைந்துவிடும். நிதானமும் பொறுமையுமே அங்கு தேவை, வேகம் அன்று. ஒரு நிமிடத்தில் முப்பது ரவைகளைத் தீர்க்கும் கருவி அவருக்கு எதற்கு என்று கேட்டால், நேர்மையான வேட்டைக்காரர்கள் பலர் தேவையில்லை என்றே கூறுவர். தடை அறிவிக்கப்பட்ட நாட்களில் தாமாகவே முன்வந்து தமது துப்பாக்கிகளைப் பொலிஸாரிடம் ஒப்படைத்த வேட்டைக்காரர்களும் விவசாயிகளும் இருந்தனர் என்பதை நாம் மறத்தல் ஆகாது.

எனினும் எல்லா வேட்டையும் மான் வேட்டை அன்று. காட்டாட்டு மந்தைகளையும், வலபி எனும் சிறிய கங்காருக்களையும், பயிரை மேயும் கனேடிய வாத்துக் கூட்டங்களையும் அழிப்போருக்கு வேகம் அவசியம். ஒரு மந்தையில் இரண்டைச் சுட்டு மிகுதியை ஓடவிட்டால், அவை அடுத்த பள்ளத்தாக்கில் பெருகும். இதனைக் கருதி, தொழில்முறையாகப் பீடை விலங்குகளைக் கட்டுப்படுத்துவோருக்கு 2019ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே விலக்களிக்கப்பட்டது. ஆனால் தமது சொந்தப் பண்ணையில் அதே வேலையைச் செய்யும் விவசாயிக்கு அவ்விலக்கு கிட்டவில்லை. கூலிக்கு வருபவரின் கையில் அனுமதிக்கப்படும் துப்பாக்கி, காணிச் சொந்தக்காரரின் கையில் ஏன் ஆபத்தானதாகின்றது என்று அவர்கள் கேட்டனர். காட்டுப் பன்றியாலும் குரங்காலும் பயிரிழக்கும் எமது விவசாயிகளுக்கு இந்தக் கேள்வி அந்நியமானதன்று. 2020ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்திலேயே விவசாயத் தொழிலுக்கும் அங்கீகாரம் பெறும் வழி ஓரளவு திறக்கப்பட்டது.

தடுக்கப்பட்ட துப்பாக்கிகளை அரசாங்கம் விலைகொடுத்து வாங்கியது. துப்பாக்கியின் நிலைக்கேற்ப அடிப்படை விலையில் 95, 70 அல்லது 25 சதவீதம் வழங்கப்பட்டது. 2019 ஜூலை முதல் டிசம்பர் 20 வரை நாடெங்கும் நடைபெற்ற சேகரிப்பில் 56,000க்கு மேற்பட்ட துப்பாக்கிகளும் ஏறத்தாழ 1,88,000 பாகங்களும் கிடைத்தன. செலவு 10 கோடி நியூசிலாந்து டொலரைத் தாண்டிற்று. இதனை வெற்றி என்பதா, தோல்வி என்பதா? எவராலும் உறுதியாகக் கூற முடியவில்லை. பதிவேடே இல்லாத நாட்டில், தடுக்கப்பட்ட துப்பாக்கிகள் மொத்தம் எத்தனை இருந்தன என்பது அரசாங்கத்துக்கே தெரியாது. மதிப்பீடுகள் ஒன்றுக்கொன்று பல மடங்கு வேறுபட்டன. 1983இல் பதிவேட்டைக் கைவிட்டதன் விலை அப்போதே புலப்பட்டது.

வேட்டைக்காரரின் மனக்குறை பணம் பற்றியது மட்டுமன்று. ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேர் அனுமதிப்பத்திரம் வைத்திருந்த நாட்டில், ஒருவன் செய்த கொடுமைக்காகத் தாம் அனைவரும் சந்தேகக் கண்கொண்டு நோக்கப்படுவதாக அவர்கள் உணர்ந்தனர். ஒரு சிலரின் செயலுக்காக ஒரு சமூகம் முழுவதும் சோதனைக்குள்ளாவது எத்தகைய அனுபவம் என்பதைத் தமிழர்களுக்கோ முஸ்லிம்களுக்கோ எவரும் விளக்க வேண்டியதில்லை. ஆயினும் இங்கு ஒரு வேறுபாடு உண்டு. பிறப்பால் வரும் அடையாளம் வேறு, தாமே விரும்பி வைத்திருக்கும் ஆபத்தான கருவி வேறு. கருவிக்கு நிபந்தனை விதிப்பதை அடையாளத்தைத் தண்டிப்பதோடு ஒப்பிடுவது பொருந்தாது என்பதே எமது கருத்து.

இவ்வேளையில் ஒரு தவறும் நேர்ந்தது. 2019 டிசம்பரில், மீள்கொள்வனவுக்கான இணையத்தளத்தில் துப்பாக்கி உரிமையாளர்களின் விபரங்களை வணிகர் ஒருவர் பார்க்கக்கூடியதாக இருந்தமை தெரியவந்து, அத்தளம் மூடப்பட்டது. எந்த வீட்டில் என்ன துப்பாக்கி உண்டு என்ற பட்டியல் திருடர் கையில் சிக்கினால் என்னவாகும் என்று பதிவேட்டை எதிர்ப்போர் முன்னர் கேட்டுவந்த கேள்விக்கு அது வலுச் சேர்த்தது. அரசு நம்பிக்கையைக் கோரும் நேரத்தில் இவ்வாறான கவனக்குறைவு நேர்வது பெரும் பாதகம்.

அடுத்து, வேட்டைச் சுற்றுலா. வடகோளத்தில் வேட்டைப் பருவம் முடிந்திருக்கும் மார்ச் முதல் ஜூலை வரையான மாதங்கள் நியூசிலாந்தில் உச்சப் பருவம் என்பதால், அமெரிக்கர் பலர் அங்கு வருகின்றனர். அயல்நாடான அவுஸ்திரேலியாவிலிருந்தும் வருகின்றனர். சிலர் தென்தீவின் பனிமலைகளில் தார் ஆட்டையும் சாமோயியையும் தேடி ஏறுவர். வேறு சிலர் வேலியிட்ட தனியார் வேட்டைப் பண்ணைகளில், பெரிய கொம்புக்கென்றே வளர்க்கப்பட்ட செம்மான்களைச் சுட்டுக் கொம்புகளைத் தம் நாட்டுக்கு எடுத்துச் செல்வர். இது வேட்டையா, பணம் கொடுத்து வாங்கும் அலங்காரமா என்று உள்ளூர் வேட்டைக்காரரே முகஞ்சுழிப்பதுண்டு. எதுவாயினும் வழிகாட்டிகள், ஹெலிகொப்டர் ஓட்டுநர்கள், மலையோர விடுதிகள், கொம்பைப் பதப்படுத்துவோர் எனப் பல குடும்பங்களுக்கு அது வருமானம்.

சட்டம் இறுகினால் இந்தப் பயணிகள் ஆபிரிக்காவுக்கோ ஆர்ஜென்டினாவுக்கோ போய்விடுவர் என்பதே எதிர்ப்பாளரின் வாதங்களுள் ஒன்றாக இருந்தது. நடைமுறையை நோக்கினால் அந்த வாதம் வலுவிழக்கின்றது. துப்பாக்கியுடன் வரும் வெளிநாட்டவர், வருகையாளருக்கான அனுமதிப்பத்திரத்தையும் இறக்குமதி அனுமதியையும் முன்கூட்டியே பெறல் வேண்டும். விமான நிலையத்தில் பொலிஸார் துப்பாக்கியைப் பரிசோதிப்பர். இந்த நடைமுறை 2019க்கு முன்னரும் இருந்ததே. தடுக்கப்பட்ட அரைத் தானியங்கிகளைக் கொண்டுவர முடியாது என்பதே பிரதான மாற்றம். ஆனால் ஒரேயொரு கொம்புமானுக்காகப் பல ஆயிரம் டொலர் செலுத்தி வருபவர் அத்தகைய துப்பாக்கியைக் கொண்டுவருவது அரிது. மேலும், அனுமதிப்பத்திரம் உள்ள ஒருவரின் நேரடி மேற்பார்வையில், அனுமதிப்பத்திரம் இல்லாதவரும் சாதாரணத் துப்பாக்கியைப் பயன்படுத்தலாம் என்று சட்டம் இடமளிக்கின்றது. ஆகவே வெறுங்கையோடு வந்து, வழிகாட்டியின் ரைபிளை வாங்கிச் சுட்டுவிட்டுத் திரும்பவும் பயணிக்கு வழியுண்டு.

இன்னொரு சிறு தகவலும் சுவையானது. பல நாடுகளில் கடுமையாகக் கட்டுப்படுத்தப்படும் ஓசைகுறைப்பான், நியூசிலாந்தில் வேட்டைக்காரர்களின் சர்வசாதாரணமான உபகரணம். காதைக் காக்கவும் பண்ணைக் கால்நடைகள் மிரளாதிருக்கவும் அது உதவுகின்றதென்பர். கிறைஸ்ட்சேர்ச்சுக்குப் பின்னரும் அது தடுக்கப்படவில்லை. வேட்டைக்குத் துணையானதையும் மனிதக் கொலைக்குத் துணையானதையும் பிரித்துப் பார்க்கும் முயற்சி எந்த அளவுக்கு நடந்தது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

வேட்டைச் சுற்றுலாவை உண்மையில் முடக்கியது வேறொன்று. 2020 மார்ச் 19ஆம் திகதி கொவிட் தொற்றினால் நாட்டின் எல்லைகள் வெளிநாட்டவருக்கு மூடப்பட்டன. மார்ச் 25 நள்ளிரவுக்கு முன்னர் முழு முடக்கம் அமுலானது. உறுமற் காலத்தில் உள்ளூர் வேட்டைக்காரரே காட்டுக்குள் நுழைய முடியவில்லை. பயணிகளுக்கு எல்லை மீண்டும் திறக்கப்பட்டது 2022இல்தான். மூன்று பருவங்கள் வருமானமின்றிக் கழிந்த வழிகாட்டிகளுக்கு, துப்பாக்கிச் சட்டம் இரண்டாந்தரக் கவலையாகிவிட்டது.

அதே 2020இல் வேட்டைத் தரப்பினர் அரசாங்கத்தை நீதிமன்றத்துக்கு இழுத்தனர். அது துப்பாக்கிக்காக அன்று, தார் ஆட்டுக்காக. 1993ஆம் ஆண்டுத் திட்டத்தின்படி தார் ஆடுகள் 10,000ஐத் தாண்டலாகாது. பொதுக் காணிகளில் மட்டும் அவை அதன் மூன்று மடங்குக்கு மேல் பெருகிவிட்டதாக மதிப்பிடப்பட்டதால், பாதுகாப்புத் திணைக்களம் ஹெலிகொப்டரிலிருந்து சுட்டு அழிக்கத் திட்டமிட்டது. சரியாகக் கலந்தாலோசிக்கவில்லை என்ற வேட்டைத் தரப்பின் முறைப்பாட்டை உயர் நீதிமன்றம் ஏற்று, திட்டமிட்ட பறப்பு நேரத்தில் பாதிக்கு மட்டும் அப்போது இடமளித்தது. வழிகாட்டியின் பிழைப்பைத் தீர்மானிப்பது மலையில் ஆடு இருக்கின்றதா என்பதே அன்றி, பயணியின் கூட்டில் எத்தனை ரவைகள் இருக்கின்றன என்பதன்று என்பதை அவ்வழக்கு காட்டியது.

2020 ஜூனில் நிறைவேறிய இரண்டாவது சட்டமே வேட்டைக்காரரின் அன்றாட வாழ்வை அதிகம் தொட்டது. புதிதாக அனுமதிப்பத்திரம் பெறுவோருக்கு அதன் காலம் பத்து ஆண்டுகளிலிருந்து ஐந்தாகக் குறைக்கப்பட்டது. தகுதியுடையவர் யார் என்பதற்கான அளவுகோல்கள் சட்டத்திலேயே எழுதப்பட்டன. துப்பாக்கிச் சங்கங்களும் பயிற்சித் திடல்களும் மேற்பார்வைக்குள் வந்தன. 2022 நவம்பரில் துப்பாக்கிப் பாதுகாப்புக்கென ‘தே தாரி பூரெக்கே’ என்ற மாவோரிப் பெயருடன் தனி அதிகாரசபை உருவாகியது. 2023 ஜூன் 24ஆம் திகதி, நாற்பது ஆண்டுகளின் பின், பதிவேடு மீண்டும் திறக்கப்பட்டது. முகவரி மாற்றம், துப்பாக்கி வாங்குதல், விற்றல் போன்ற சந்தர்ப்பங்களில் தம்மிடமுள்ளவற்றைப் பதிய வேண்டும். எல்லோரும் பதிந்து முடிக்க ஐந்து ஆண்டுகள் அவகாசம் வழங்கப்பட்டது.

அதே ஆண்டுத் தேர்தலில் ஆட்சி மாறியது. 2019இல் அந்த ஒற்றை எதிர்வாக்கை அளித்தவரின் கட்சியான அக்ட் கட்சி, கூட்டரசாங்கத்தில் பங்காளியாயிற்று. முன்னர் துப்பாக்கி உரிமையாளர் அமைப்பொன்றின் பேச்சாளராகவிருந்த நிக்கோல் மக்கீ, ஆயுதச் சட்டத்துக்குப் பொறுப்பான இணை அமைச்சரானார். 1983ஆம் ஆண்டுச் சட்டம் முழுமையாக மீள எழுதப்படும் என்று அறிவிக்கப்பட்டதும், கிறைஸ்ட்சேர்ச்சில் உறவுகளை இழந்தோர் மத்தியில் பழைய துப்பாக்கிகள் திரும்பி வந்துவிடுமோ என்ற அச்சம் எழுந்தது. அது இயல்பானதே. ஆனால் 2025 நவம்பரில் அரசாங்கம் வெளியிட்ட தீர்மானங்களில் அரைத் தானியங்கித் தடையும் பதிவேடும் நீடித்தன. பதிவேடு விடயத்தில் அக்ட் கட்சி தனது கருத்து வேறுபாட்டைப் பதிவுசெய்வதோடு நின்றது.

அடுத்த மாதமே அயல்நாட்டில் அதே கேள்வி மீண்டும் எழுந்தது. 2025 டிசம்பர் 14ஆம் திகதி சிட்னியின் பொண்டாய் கடற்கரையில் யூதர்களின் ஹனுக்கா விழாவில் தந்தையும் மகனும் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 15 பேர் உயிரிழந்தனர். பள்ளிவாசலில் நடந்ததைக் கண்டித்த அதே வாயால் இதனையும் கண்டிப்பதே நேர்மை. தந்தை அனுமதிப்பத்திரம் பெற்றவர் என்றும் அவர் பெயரில் ஆறு துப்பாக்கிகள் இருந்தன என்றும் பொலிஸார் தெரிவித்தனர். போர்ட் ஆதரின் பின்னர் உலகுக்கே முன்மாதிரியாகக் காட்டப்பட்ட சட்டம் இருந்த நாடு அது. அரைத் தானியங்கிகளைத் தடுத்த அச்சட்டம், பொழுதுபோக்குக்கெனத் துப்பாக்கி வைத்திருக்கும் நகரவாசி ஒருவர் எத்தனை வைத்திருக்கலாம் என்று கேட்கவில்லை. பத்து நாட்களுக்குள் நியூ சவுத் வேல்ஸ் மாநிலப் பாராளுமன்றம் அந்த எண்ணிக்கையைப் பொதுவாக நான்காக மட்டுப்படுத்தியது. விவசாயிகளுக்குப் பத்து வரை. சூட்டாளர் அமைப்புகளும் வேட்டைக்காரர் கட்சியும் எதிர்த்தன. 2019இல் நியூசிலாந்தில் கேட்ட வாக்கியங்களே பெரும்பாலும் மீண்டும் கேட்டன.

நியூசிலாந்துப் பொலிஸார் இன்று ஒரு விண்ணப்பதாரியின் சான்றாளரை நேர்காணும்போது, அவருடன் எவ்வளவு காலப் பழக்கம், எங்கு பழக்கம், அவர் வீட்டில் யார் இருக்கின்றனர், அவரது மனநிலை எவ்வாறு, இணையத்தில் எதைப் பேசுகின்றார் என்றெல்லாம் கேட்க வேண்டியுள்ளது. வேட்டைக்காரர் சிலர் இதைத் தொல்லை என்கின்றனர். கோவை நகர மாதங்களாகின்றது என்று முறையிடுகின்றனர். அந்தத் தாமதம் குறித்த முறைப்பாட்டில் நியாயம் உண்டு. கேள்விகள் குறித்த முறைப்பாட்டில் இல்லை. பதிவேட்டுக்கான ஐந்தாண்டு அவகாசம் 2028இல் முடிவடைகின்றது. பன்னிரண்டு இலட்சம் என்றும் பதினைந்து இலட்சம் என்றும் ஊகமாகவே சொல்லப்பட்டுவந்த துப்பாக்கிகளின் தொகைக்கு, 1983க்குப் பின்னர் முதற்தடவையாக ஓர் எழுத்திலான கணக்கு அப்போது இருக்கும்.